விருதுபட்டிக் கடைவீதிப் பெரியோர்கள்

(உறவின்முறைக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

‘நம் ஊர்க் கடைக்காரர்கள்’ என்னும் பொருள்பற்றிச் சில சொற்கள் கூறுமாறு சங்கத்தார் அடியேனைப் பணித்தனர். நான் கற்றறிந்த புலவனல்லேன், மேடையேறிப் பழகியவனுமல்லேன். பலசரக்குக் கடையொன்றின் கல்லாப் பெட்டியருகே வளர்ந்து, அக்கடை மூடப்பட்ட நாளையும் கண்ணாற் கண்டவன் என்னும் ஒரு தகுதியே எனக்குண்டு. என் உரையிற் குற்றங்குறை காணப்படின் பெரியோர் பொறுத்தருள்வாராக.

சென்ற பங்குனிப் பொங்கலுக்கு என் பேரன் வெளியூரிலிருந்து வந்திருந்தான். பதினொரு வயதுச் சிறுவன். மாரியம்மன் சந்நிதியிற் கும்பிட்டுவிட்டுப் பொருட்காட்சிக்குச் செல்லும் வழியில், ஒரு பள்ளிக் கட்டடத்தின் சுவரிற் பதித்திருந்த நன்கொடைக் கற்களை அவன் எழுத்துக்கூட்டிப் படித்தான். முற்றும் படித்துவிட்டு, “தாத்தா! இதில் நம் வீட்டுப் பெயர் எங்கே?” என்றான். “இல்லையப்பா” என்றேன். “அப்படியானால் இந்தப் பள்ளிக்கூடத்துக்கு நாம் ஒன்றுமே கொடுக்கவில்லையா?” என்று கேட்டான்.

அக்குழந்தைக்கு என்னால் விடை கூற இயலவில்லை. கொடுத்தோம் என்பதை நான் அறிவேன். எவ்வளவு கொடுத்தோம் என்பதை அறியேன். காட்டுதற்குச் சான்றொன்றும் என்னிடம் இல்லை. அச்சான்றை அழித்தவனும் நானே. அதனைப் பின்னர்ச் சொல்லுவேன். இன்றைய என் உரை முழுவதும் அச்சிறுவனுக்குக் கூற வேண்டிய விடையே என்று கொள்ளுங்கள்.

ஊர் வளர்ந்த வகை

நம் ஊரின் இயற்கை நிலையை முதற்கண் நினைத்துப் பாருங்கள். மழைக்காலத்தன்றி நீர் காண்டற்கரிய கௌசிகா நதி. கோடையில் வெடித்துக் கிடக்கும் கரிசற்காடு. நெல் விளையும் நன்செய் வளமோ, கப்பல் வந்தடையும் துறையோ, அரசர் வீற்றிருந்த கோட்டையோ இவ்வூர்க்கு இல்லை. பருத்தி, கம்பு, சோளம், மல்லி, மிளகாய், பயறு வகைகள் ஆகியவற்றையே இம்மண் நமக்கு ஈந்தது. அவற்றையும் விளைவித்தவர் சுற்றுப்புறத்துச் சிற்றூர்களின் உழவர். விருதுபட்டி என்று வழங்கிய இவ்விடம் அவ்விளைபொருள்கள் வந்து கைமாறும் இடமாக மட்டுமே இருந்தது.

நம் முன்னோர் தெற்கே திருநெல்வேலிச் சீமையின் பனங்காடுகளிலிருந்து கருப்பட்டியும் கருவாடும் உப்பும் ஏற்றிய மாட்டுவண்டிகளோடு வடக்கு நோக்கி வந்தனர். 1801ஆம் ஆண்டோடு பாளையக்காரர் போர்கள் ஓய்ந்தபின், வழிகளில் அச்சம் குறைய, இவ்வணிகம் பெருகிற்று. வழியிலே வண்டிகளையும் மாடுகளையும் சரக்குகளையும் காத்தற்கு மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தனர். சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களும் இங்ஙனமே நம்மவர்க்கு நிலைக்களனாயின. 1876ஆம் ஆண்டில் மதுரைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே இருப்புப்பாதை திறக்கப்பட்டு அது நம் ஊர் வழியே சென்றதும், வண்டிப்பேட்டையாய் இருந்த ஊர் பெருஞ்சந்தையாய் மாறிற்று. 1915இல் நகரசபை ஏற்பட்டது. 1923இல் விருதுபட்டி விருதுநகர் என்னும் பெயர் பெற்றது. இராமநாதபுரம் ஜில்லாவினின்று பிரிந்து 1985ஆம் ஆண்டில் உருவான மாவட்டத்திற்கு இவ்வூரே தலைநகராயிற்று.

இவையெல்லாம் ஏட்டில் உள்ள செய்திகள். ஏட்டில் இல்லாத செய்தி ஒன்று உண்டு. ஒவ்வொரு நாளும் விடியற்காலையிற் கடை திறந்து வாசல் தெளித்து, இரவிலே விளக்கணைத்துக் கதவடைத்த சில நூறு மனிதர்கள் இல்லையேல், இருப்புப்பாதை இருந்தும் அது வெறும் இரயிலடியாகவே நின்றிருக்கும்.

மகமை என்னும் சிறு துளி

அம்மனிதர் ஊருக்குக் கொடுத்தது எவ்வாறு? இங்கேதான் என் பேரனுடைய வினாவுக்கு விடையின் முதற்பகுதி உளது.

மண்டியில் ஒரு சரக்கு விலையானால், பட்டியலில் விலைக்கு அடியிலே சில வரிகள் எழுதப்படும்: தரகு இவ்வளவு, ஏற்றிறக்கு கூலி இவ்வளவு, மகமை இவ்வளவு. மூடைக்கு இத்துணை என்று உறவின்முறை ஒன்றுகூடி வரையறுத்த சிறு தொகையே மகமை. அது சில பைகளாகவோ ஓர் அணாவாகவோ இருக்கும். அது வணிகரின் இலாபத்திலிருந்து பிறகு மனமிரங்கி எடுத்துக் கொடுப்பதன்று. இலாபம் கணக்கிடப்படுவதற்கு முன்பே தனியாகப் பிரிந்து பொதுப்பணமாகிவிடுவது. ஆகவே கொடுத்தவனுக்குச் செருக்கில்லை, பெற்றவனுக்குத் தாழ்வில்லை. ஆயிரம் மூடை விற்ற மண்டிக்காரரின் ரூபாயும், ஒரு மூடை மல்லியை வாங்கிச் சில்லறையாக விற்ற சிறு கடைக்காரரின் காலணாவும் ஒரே பெட்டியில் வீழ்ந்தன. வீழ்ந்தபின் எது யாருடையது என்று பிரித்தறிய ஒருவராலும் இயலாது.

அப்பெட்டியிலிருந்துதான் கிணறுகள் வெட்டப்பட்டன. பேட்டைகள் பழுது பார்க்கப்பட்டன. கோயில் விழாக்கள் நடைபெற்றன. எல்லாவற்றினும் மேலாகப் பள்ளிக்கூடம் எழுந்தது. 1880களில் க்ஷத்திரிய வித்தியாசாலை தோன்றியபோது, நம் கடைக்காரரிற் பெரும்பாலோர் கையெழுத்திடவும் கணக்கெழுதவும் மட்டுமே கற்றவர்கள். ஆயினும் தம் மக்கள் தம்மினும் மேலாகக் கற்க வேண்டும் என்று கருதினர். மகமை போதாதவிடத்துத் தாய்மார்கள் பிடியரிசி வைத்தனர். உலைக்கு அரிசி களையும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் இடுதலே பிடியரிசியாம். வீடுதோறும் அதனைத் திரட்டி விற்ற பணம் பள்ளிக்குச் சென்றது. கடைவீதியில் ஆடவர் மகமை கொடுக்க, அடுக்களையிற் பெண்டிர் பிடியரிசி கொடுத்தனர். அத்தாய்மாருள் ஒருவர் பெயரேனும் எந்தக் கல்லிலாவது உண்டா? நான் கண்டதில்லை.

1903ஆம் ஆண்டு ஜூலை 15ஆம் நாள், இவ்வூர்த் தேங்காய் வியாபாரி குமாரசாமி நாடார்க்கும் சிவகாமி அம்மையார்க்கும் மகவாய்ப் பிறந்த காமராசர் அவ்வித்தியாசாலையின் மாணாக்கர் என்பதை நீங்கள் அறிவீர்கள். இளமையிலே தந்தையை இழந்து, படிப்பை இடையில் நிறுத்தித் தாய்மாமனின் துணிக்கடையில் நின்றவர் அவர். 1954 முதல் 1963 வரை முதலமைச்சராய் இருந்து, ஊர்தோறும் பள்ளி திறந்து, 1956இல் ஏழைக் குழந்தைகளுக்கு மதிய உணவளிக்கத் திட்டம் செய்தவரும் அவரே. தேங்காய்க் கடையையும் துணிக்கடையையும் பிடியரிசிப் பள்ளியையும் நேரிற் கண்ட ஒருவர் நாட்டுக்குச் செய்த கைம்மாறு அது என்று நான் எண்ணி மகிழ்வதுண்டு.

நாம் ஏன் பள்ளியைப் பற்றினோம் என்பதையும் இளைஞர் மறத்தலாகாது. 1895இல் கழுகுமலையிலும் 1899இல் சிவகாசியிலும் நேர்ந்த கலகங்கள் நம் முதியோர் கண்ணீரோடு சொன்னவை. கமுதிக் கோயிலில் நம்மவர் நுழைந்தமைபற்றி எழுந்த வழக்கு இலண்டன் பிரிவி கவுன்சில்வரை சென்று, 1908இல் நமக்கு எதிராகவே முடிந்தது. 1939இல் ஆலயப் பிரவேசம் நடைபெறும்வரை மதுரை மீனாட்சி கோயிலின் கதவு நமக்கும் அடைபட்டே இருந்தது. தெய்வத்தின் வாசலில் தடுக்கப்பட்டவர்கள் கல்வியின் வாசலைத் தம் கைப்பணத்தால் திறந்துகொண்டனர். 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தோன்றியதும், 1947இல் நம் ஊரில் செந்திக்குமார நாடார் கல்லூரியும் 1962இல் வன்னியப்பெருமாள் பெண்கள் கல்லூரியும் எழுந்ததும் அம்முயற்சியின் தொடர்ச்சியே. பெருங்கொடையாளர் பெயர்கள் இவற்றில் நிலைத்திருத்தல் தக்கதே, அவர்களை வணங்குகிறேன். நான் பேசப் புகுந்தது பெயர் நிலையாதாரைப் பற்றி.

கடைவீதிக் காட்சிகள்

தெப்பக்குளத்தைச் சுற்றியமைந்த கடைவீதியை நான் சிறுவனாய் இருந்தபோது கண்டவாறு கூறுகிறேன். மிளகாய் நெடியும் மல்லி மணமும் செக்கெண்ணெயின் வாசனையும் ஒருங்கு கலந்து வீசும். வெளியூரார் தும்மிக்கொண்டே வருவர்; நமக்கோ அது தாய்வீட்டு வாசனை.

மண்டிக்காரர் மூடையிற் குத்தூசியைச் செலுத்திச் சிறிது சரக்கை உள்ளங்கையில் ஏந்தி, ஊதி, முகர்ந்து, பல்லாற் கடித்துப் பார்ப்பார். ‘இது எட்டயபுரத்துக் காட்டு மல்லி, இது மழையில் நனைந்து காய்ந்தது’ என்பார். வாங்குவோரும் விற்போரும் ஒரு துண்டின் மறைவிலே கைகோத்து விரல்களைப் பற்றி விலை பேசுவர். பக்கத்தில் நிற்பவர்க்கு ஒன்றும் தெரியாது. துண்டு விலகியபின் சொன்ன விலை சொன்னதுதான். பின்னர்ப் பத்திரத்தில் எழுதிய ஒப்பந்தங்களுக்கு வழக்காடியவரை நான் கண்டதுண்டு. துண்டுக்கடியில் விரலாற் பேசிய விலையை மறுத்தவர் கடைவீதியில் மறுநாள் தலைகாட்ட முடியாது. இன்றும் நாளிதழ்கள் ‘விருதுநகர் மார்க்கெட் நிலவரம்’ என்று விலைப்பட்டியல் வெளியிடுகின்றன. அந்த எண்களுக்கு மதிப்பளித்தது அவ்விரல்களின் நாணயமே.

பலசரக்குக் கடையின் நாளோ வேறு வகைத்து. என் பாட்டனார் நாலரை மணிக்கு எழுந்து நீராடித் திருநீறணிந்து கடை திறப்பார். முதற் படி அரிசியை அளக்கும்போது ‘ஒன்று’ என்று சொல்லாது ‘லாபம்’ என்பார். அடுத்ததையே ‘இரண்டு’ என்பார். வாங்க வந்த சிறுமிக்குக் கொசுறாக ஒரு பொட்டுக் கருப்பட்டித் துண்டு கொடுப்பார். ‘அண்ணாச்சி’ என்றழைக்கும் குரல் கேட்டால், முகம் பாராமலே எந்தத் தெரு, எந்த வீடு, என்ன வேண்டும் என்பதைச் சொல்லிவிடுவார். ஒருவர் வீட்டில் நோய் என்பதைச் சீரகமும் சுக்கும் கேட்பதிலிருந்தும், திருமணம் என்பதை வெல்லமும் பருப்பும் கேட்பதிலிருந்தும் அறிவார். வறுமை என்பதை அரைக்காற்படி அரிசி கேட்பதிலிருந்து அறிவார். அறிந்ததைப் பிறரிடம் சொல்லார். ‘கடைக்காரன் கண்ணுக்குக் கதவு உண்டு, வாய்க்குப் பூட்டு உண்டு’ என்பது அவர் எங்களுக்குக் கூறிய பாடம்.

1957ஆம் ஆண்டு ஏப்ரலில் நயா பைசா வந்தது. ஓரணாவுக்கு 6, ஈரணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25 என்று மாற்று விகிதம். ஓரணாவாக மும்முறை வாங்குபவருக்கும் மூன்றணாவாக ஒருமுறை வாங்குபவருக்கும் ஒரு பைசா வேறுபாடு வந்தது. அந்த ஒரு பைசாவுக்காகக் கடைவீதி முழுதும் வாக்குவாதம்! பாட்டனார் விகிதத்தை அட்டையில் எழுதித் தொங்கவிட்டு, ‘ஐயமுள்ள பைசா வாங்குவோருடையது’ என்று அதன் கீழே எழுதச் சொன்னார். அவ்வட்டையைக் கோணல் மாணலான எழுத்தில் எழுதியவன் நானே. சில ஆண்டுகளில் வீசையும் பலமும் போய்க் கிலோகிராம் வந்தது. நாற்பது பலம் கொண்ட ஒரு வீசை, எட்டு வீசை கொண்ட ஒரு மணங்கு என்ற வாய்பாட்டில் வளர்ந்த முதியவர்கள் ஐம்பது வயதுக்குமேல் புதுக்கணக்குப் பயின்றனர். பள்ளி காணாத அவர்களின் மூளைத்திறம் எத்தகையது!

கடைப் பையன்களையும் இங்கே நினைக்க வேண்டும். சிற்றூர்களிலிருந்து பத்துப் பன்னிரண்டு வயதில் வந்து, சாக்கு மூடைகளின்மேல் உறங்கி, பொட்டலம் மடித்து, வசவும் சிலபோது அடியும் வாங்கித் தொழில் பழகினர். அவர்தம் சம்பளம் முதலாளியிடமே சேர்ந்து கிடக்கும். நல்ல முதலாளி பத்தாண்டு கழித்து அப்பணத்தோடு தம் பணமும் கூட்டி, வேற்றூரில் ஒரு கடை வைத்துக் கொடுப்பார். இன்று சென்னையிலும் பிற நகரங்களிலும் தெருமுனைதோறும் விளங்கும் அண்ணாச்சி கடைகளுட் பல இங்ஙனம் முளைத்தவை. எல்லா முதலாளிகளும் அத்தகையோர் என்று சொல்லேன். சேர்ந்த சம்பளம் திரும்பாத பையன்களும் இருந்தனர். அவர்கள் கண்ணீரும் நம் கடைவீதியின் வரலாறே.

மேலும், இவ்வூரை நாமே கட்டினோம் என்று மார்தட்டுவதும் பொய்யாகும். மூடை சுமந்த தொழிலாளர், வண்டியோட்டிகள், செக்காட்டிய வாணியர், இசுலாமிய வணிகர், தையற்காரர், கொல்லர், தச்சர், நள்ளிரவுவரை அடுப்பெரித்து எண்ணெய்ப் பரோட்டா பொரித்த உணவுக் கடையார், தலைச்சுமையாய்க் காய்கறி கொணர்ந்த மூதாட்டியர் ஆகிய அனைவரும் சேர்ந்தே ஊர். மூடைக்கு மகமை கொடுத்தவர் நாமாயினும், அம்மூடையை முதுகிற் சுமந்தவர் வேறொருவர்.

சொல்லத் தயங்கிய செய்தி

முன்னோரை நினைத்தல் என்பது புகழுரை மட்டுமாயின் அது கூலிக்குப் பாடுவதை ஒக்கும். ஆதலின் என் குடும்பத்தின் குறையொன்றை இங்கே கூறுகிறேன்.

எங்கள் கடைக்கு மூன்று படிகள் இருந்தன. யாவரும் மேற்படியில் நின்று சரக்கு வாங்குவர். ஊருக்கு வெளியே சேரியிலிருந்து வரும் ஒரு மூதாட்டி மட்டும் படிக்குக் கீழே தெருவில் நிற்பார். அவருடைய காசைப் படியிலே வைக்கச் சொல்லி, பொட்டலத்தை அவர் விரித்த முந்தானையில் மேலிருந்து போடுவார் என் பாட்டனார். அளவிற் குறை வைத்ததில்லை. கடன் கேட்டால் மறுத்ததுமில்லை. ஆயினும் கையோடு கை கொடுத்ததுமில்லை. கோயில் வாசலில் தடுக்கப்பட்ட தம் இளமையைப்பற்றி மாலைதோறும் எங்களுக்குக் கண்கலங்கக் கதை சொன்ன அதே மனிதர், காலைதோறும் தம் கடைப்படியில் அதனையே பிறர்க்குச் செய்தார். ஒருநாள் நான் பொட்டலத்தை இறங்கிச்சென்று அவர் கையிற் கொடுத்துவிட்டேன். பாட்டனார் என்னை அடிக்கவில்லை, ஒன்றும் பேசவுமில்லை. மறுநாளும் பழைய வழக்கமே நடந்தது. நானும் மறுமுறை இறங்கவில்லை. அவர் மௌனத்தினும் என் அச்சமே எனக்கு இன்று பெரிய நாணமாய் இருக்கிறது.

போர்க்காலத்தில் அரிசியும் மண்ணெண்ணெயும் பங்கீட்டுக்குள் வந்தபோது பதுக்கிப் பொருளீட்டியவரும் நம் கடைவீதியில் உண்டென்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கல்லுக்கடியில் புளி ஒட்டி எடை குறைத்தவரும் உண்டு. இவற்றையும் நாம் எழுதிவைத்தல் வேண்டும். குறையை மறைத்துச் சொன்னால், நிறையையும் எவரும் நம்பார்.

எடைக்குப் போன பேரேடுகள்

இனி, சான்றை அழித்தேன் என்று முதலிற் கூறியதை விளக்குகிறேன்.

என் தந்தையார் காலமான மறுவருடம், நாற்பதாண்டுகளுக்கு முன், கடையை மூடினோம். நான் வேறு உத்தியோகத்தில் இருந்தேன், தம்பியர் வெளியூரில். பின்கட்டு அறையிலே நாள்வழிகளும் பேரேடுகளும் ஐந்தொகைக் கணக்குகளும் உத்தரம்வரை அடுக்கிக் கிடந்தன. ஒவ்வொன்றின் முதற்பக்கத்திலும் பிள்ளையார் சுழி, மூலைகளிலே மஞ்சள். கரையான் அரிக்கத் தொடங்கியிருந்தது. பழைய காகிதம் வாங்குவோரை அழைத்து அத்தனையும் எடைக்குப் போட்டேன். அவர் தராசு கொண்டுவரவில்லை. எங்கள் கடைத் தராசிலேயே நிறுத்தோம். வந்த பணத்துக்கு ஒரு சுவர்க் கடிகாரம் வாங்கினேன். அது இன்றும் என் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது.

சில ஆண்டுகள் சென்றன. ஒரு திருமண வீட்டில் வயது முதிர்ந்த அம்மையார் ஒருவர் என் அருகே வந்தமர்ந்து, “தம்பி, நீங்கள் இன்ன கடைக்காரர் பேரன்தானே?” என்று வினவினார். ஆம் என்றேன். அவர் சொன்னது இது: 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட்டபோது, அங்குப் பிழைக்கச் சென்றிருந்த நம் நாட்டார் பல்லாயிரவர் காடும் மலையும் கால்நடையாய்க் கடந்து ஊர் திரும்பினர். அவ்வம்மையாரின் தந்தையும் அவருள் ஒருவர். உடுத்த துணியோடு வந்தவர்க்கு என் பாட்டனார் ஓராண்டு அரிசியும் பருப்பும் பற்றெழுதிக் கொடுத்தார். ஓராண்டு முடிவில் அவர் தம் மனைவியின் ஒற்றைத் தோட்டைக் கொணர்ந்து கடனுக்கு நீட்டினாராம். பாட்டனார் அதனை வாங்கவில்லை. பேரேட்டை விரித்து, அப்பக்கத்தின் குறுக்கே ஒரு கோடிழுத்து, ‘வரவு’ என்றெழுதி, அதனடியில் அவரையே கையெழுத்திடச் செய்தாராம். கடன் தீர்ந்தது என்பதற்கு அவர் கையெழுத்து; தீர்த்தவர் யார் என்பதற்கு எழுத்தில்லை.

இதனைக் கூறிவிட்டு அவ்வம்மையார், “அப்பா இறந்தபோது எனக்கு ஏழு வயது. அவர் எழுதிய எழுத்து ஒன்றுகூட எங்களிடம் இல்லை. உங்கள் பேரேட்டில் அந்தக் கையெழுத்து இருக்கும். ஒருமுறை பார்த்துவிட்டுத் தந்துவிடுகிறேன், தம்பி” என்றார்.

நான் என்ன விடை கூறுவேன்! தேடிப் பார்க்கிறேன் என்று பொய் சொன்னேன். அவர் இருமுறை ஆளனுப்பிக் கேட்டார். மூன்றாம் முறை ஆள் வரவில்லை. அவர் மறைந்துவிட்ட செய்தியே வந்தது.

அன்பர்களே! அப்பேரேடுகளில் எங்கள் கடையின் மகமைப் புள்ளியும் தனிப் பக்கமாக ஆண்டுதோறும் எழுதப்பட்டிருந்தது. என் பேரன் கேட்ட வினாவுக்கு உரிய விடை, அணா பைசா சுத்தமாக, பாட்டனாரின் கையெழுத்திலேயே அங்கு இருந்தது. சுவரிலே கல் இல்லாதவர்க்கு ஏடே கல். அந்தக் கல்லை நான் கிலோக் கணக்கில் விற்றேன்.

வேண்டுகோள்

ஆதலின் இச்சபையோர்க்கு மூன்று விண்ணப்பங்கள் செய்துகொள்கிறேன்.

முதலாவது, உங்கள் வீட்டுப் பரணிலும் பின்கட்டிலும் பழைய நாள்வழி, பேரேடு, சிட்டை, பட்டியற் புத்தகம் எவையேனும் இருப்பின், அவற்றை எடைக்குப் போடாதீர்கள். உங்களுக்கு அவை பயனற்ற தாள்கள். வேறொருவர்க்கு அவை தந்தையின் கையெழுத்தாய் இருக்கலாம். சங்கத்தார் ஓர் அறை ஒதுக்கி அவற்றைப் பெற்று வைக்க வேண்டும். இக்காலத்துக் கைபேசியாலேயே பக்கந்தோறும் படமெடுத்துப் பாதுகாக்க நம் பிள்ளைகளால் இயலும். ஒரு கோடைவிடுமுறை போதும்.

இரண்டாவது, எழுபது வயது கடந்த ஒவ்வொருவரிடமும் சென்று அமருங்கள். தெப்பக்குளத்துக்குத் தென்புறம் முதற்கடை யாருடையது, அடுத்தது யாருடையது, அங்கு வேலை செய்த பையன் யார், மூடை சுமந்தவர் யார், பிடியரிசிக் கலயத்தை வீடுவீடாய்த் திரட்டிய அம்மையார் யார் என்று கேட்டு எழுதுங்கள். நம்மவர் பெயரை மட்டும் எழுதாதீர்கள். படிக்குக் கீழே நின்றவரின் பெயரையும் கேட்டெழுதுங்கள். எங்கள் கடைக்கு வந்த அம்மூதாட்டியின் பெயர் எனக்குத் தெரியாது. நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

மூன்றாவது, மகமையை மறவாதீர்கள். 2017 முதல் சரக்கு சேவை வரி வந்து, கணக்கெல்லாம் கணினிக்குள் சென்றுவிட்டது. பெருங்கடைகளும், வீட்டிலிருந்தே கைபேசியிற் சரக்கு வருவிக்கும் முறையும் வந்துவிட்டன. சிறுகடைகள் தெருத்தெருவாய் மூடப்படுகின்றன. இம்மாறுதலைத் தடுக்க என்னிடம் உபாயமில்லை. ஆனால் பட்டியலின் அடியிலே, இலாபத்துக்கு முன்னதாக, ஊருக்கென்று ஒரு வரி எழுதும் வழக்கம் எந்தக் கணினியிலும் எழுதத்தக்கதே. கடையில்லாமல் உத்தியோகம் பார்ப்போரும் தம் சம்பளத்தில் அவ்வரியை எழுதலாம். அப்பணம் இனி நம் குலத்துப் பிள்ளைகளுக்கு மட்டுமன்றி, நம் கடைப்படிக்குக் கீழே நின்றோரின் பேரப்பிள்ளைகளுக்கும் சென்று சேருமாயின், முன்னோர் செய்த நன்மை வளரும். அவர் செய்த பிழையிலும் சிறிது கரையும்.

என் பேரன் அடுத்த விடுமுறைக்கு வருவான். அவனைப் பள்ளிச் சுவரருகே மீண்டும் அழைத்துச் செல்வேன். ‘அப்பா, நம் வீட்டுப் பெயர் இந்தக் கற்களில் இல்லை. இவற்றிற்கு அடியிலே அடித்தளத்தில் இருக்கிறது. அங்கே நம் பெயரோடு கலந்து கிடக்கும் பெயர்கள் பல, பிரித்தெடுக்க முடியாது. எவ்வளவு கொடுத்தோம் என்று காட்டும் ஏட்டை உன் தாத்தா தொலைத்துவிட்டான். நீ தொலைக்காதே’ என்று சொல்லுவேன். அவன் கையில் ஒரு குறிப்புப் புத்தகமும் கொடுக்க எண்ணியுள்ளேன். முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழியிட்டு, எனக்கு நினைவிலுள்ள கடைகளின் வரிசையை நானே எழுதத் தொடங்கிவிட்டேன். இதுவரை முப்பத்தொரு கடைகள் ஆகியுள்ளன. எஞ்சியவற்றை நீங்கள் சொல்ல வேண்டும்.

கூட்டம் கலையும்போது முதியோர் சிலரேனும் என் அருகே வந்து ஒரு கடையின் பெயரைச் சொல்லிச் செல்வீராக. எழுதுகோல் கையில் உள்ளது.